படத்துல அம்மா, பேனா யார் கையில?

உயர்தர ரிசல்ட் வந்த கிழமையே பதுளை டவுனில் பெனர்கள் ஏறிவிடும். பட்டத் தொப்பி போட்ட சிரிச்ச முகம், வேலை உறுதி, தவணைக் கட்டணம். விளம்பரத்துறைக்குப் போக ஆசைப்படுகிற தம்பி, தங்கச்சிமாரே, உங்களுடைய முதல் பாடமே அந்த பெனர்தான். அதில் என்ன எழுதியிருக்கு என்பதை விட்டுட்டு, என்ன எழுதல என்று பாருங்க. பட்டத்தைக் கொடுக்கிறது யார்? பாடம் எந்த மொழியில? போன வருஷம் முடிச்சவங்க இப்ப எங்க வேலை செய்றாங்க? கவுன்டரில் கேட்டால் "சேர் கோல் பண்ணுவார்" என்பார்கள்.

சேர் கோல் பண்ணும் வரைக்கும் காசு கட்டாதீங்க. தனியார் நிறுவனம் ஒன்று சொந்தமாகப் பட்டம் வழங்க, பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அங்கீகாரம் வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்கணும். லயத்தில் யாரும் இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. ஆனால் கட்டப்போகிற காசு அப்பாவின் சேமலாப நிதி, அம்மாவின் அடகு வைத்த தோடு. வருஷக்கணக்காகக் கத்தி, 2021இல்தான் 1000 ரூபா நாட்சம்பளத்தைக் கண்ட வீடுகள் இவை.

"விளம்பரம் நமக்கு எதுக்கு, டீச்சிங் பாரு" என்கிற பெரியவர்களோடும் எங்களுக்குச் சண்டை இருக்கு. விளம்பரம் மலைக்கு அந்நியமான தொழிலா? 1890இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்ன தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன் யார்? கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்து, பன்றிகளைத் தெருவில் ஊர்வலம் விட்டு, ராட்சதச் சீஸ் கட்டிக்குள் தங்கக் காசு ஒளித்து ஆள் சேர்த்த விளம்பரக்காரர். தோட்டத்திலிருந்து நேரே உங்கள் கோப்பைக்கு என்று சொல்லியே தேயிலையை உலகத்துக்கு வித்தார். கொழுந்து பறிச்சவங்க நாங்க. அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை தேயிலைப் பெட்டியில் கூடையோடு சிரிக்கிற பொம்பளை எங்கள் ஆத்தா, அம்மா. அந்தச் சிரிப்பை வரைஞ்சவன் எவனும் எங்க லயத்துக்காரன் இல்லை. அட்டை கடிக்கிறதும் பேர் பாதியாகிறதும் அந்தப் பெட்டியில வராது, வராமல் பார்த்துக்கொள்வதும் ஒரு தொழில்தான்.

அப்போ எங்க படிக்கிறது? பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கு. தேயிலைத் தொழில்நுட்பம் படிக்கலாம், முகாமைத்துவம் படிக்கலாம், கலைப்பீடம் கிடையாது. தேயிலையைப் பதமாக்கப் படிக்க வழி இருக்கிற ஊரில் அதைப் பற்றிப் பேசப் படிக்க வழி இல்லை. அதனால் களனியின் வெகுசனத் தொடர்பாடல், யாழ்ப்பாணத்தின் ஊடகக் கற்கை, ஹொரணை ஸ்ரீபாளி வளாகம் என்று வெளியேதான் தேடணும். தனியாரில் சந்தைப்படுத்தல் நிறுவகத்தின் கற்கைகளும் உண்டு. எந்த இடமானாலும் முதலில் மொழியைக் கேளுங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றோம்? டீவியில் ஓடுகிற தமிழ் விளம்பரங்களை ஒருநாள் கவனிச்சுப் பாருங்க. பாதிக்கு மேல் சிங்களத்தில் யோசித்து, அவசரத்தில் தமிழாக்கியது. எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். அந்த ஓட்டைதான் உங்களுக்கான கதவு. தமிழில் யோசித்து எழுதவும், சிங்களத்தில் அதை விளக்கி வாதாடவும் தெரிந்த ஆள் கொழும்பில் சும்மா கிடைக்காது. அந்த இரண்டையும் பழக்காமல், கணினி மென்பொருள் நாலைக் காட்டி சான்றிதழ் நீட்டுகிற இடம் ஏ.சி. அறையோடு இருந்தாலும் வேண்டாம். மாணவர் செய்த வேலைகளைக் காட்டச் சொல்லுங்க. காட்ட ஒன்றும் இல்லையென்றால் எழும்பி வாங்க.

இதற்கிடையில் தோட்டக் கோயில் திருவிழா நோட்டீஸ், சந்தியில் இருக்கிற சலூன் பலகை, எது கிடைத்தாலும் எழுதிப் பழகுங்க. நேர்முகத் தேர்வில் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.