நிறுத்துகிற கைக்கும் முறை உண்டு!



இரவு இரண்டு மணிக்குப் பெருங்கடவிளையிலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் விழித்திருப்பவர்கள் யார்? தோவாளைப் பூவைத் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்கு ஏற்றிப் போகிற வேன் டிரைவர் விழித்திருக்கிறார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டக் கிளம்பும் தொழிலாளி விழித்திருக்கிறார். கான்கிரீட் வேலை முடித்து, பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்க பைக்கில் களியக்காவிளை நோக்கிப் போகிற கொத்தனார் விழித்திருக்கிறார். அந்த நேரத்தில் சாலையில் விழித்திருக்கும் இன்னொருவர் போலீஸ்காரர். இவர்கள் இருட்டில் சந்திக்கும்போது என்ன நடக்கிறது? அதைப் பற்றித்தான் இந்த மாதம் பேச வேண்டியிருக்கிறது.

நம் சங்கத்துக்கு ஒரு தம்பி வந்தார். பூ லோடு ஏற்றி வந்தவர். விளக்கு இல்லாத ஒரு வளைவில், மரத்தடி இருட்டிலிருந்து திடீரென்று ஒரு லத்தி குறுக்கே நீண்டிருக்கிறது. பதறிப்போய் பிரேக்கை மிதித்திருக்கிறார். பின்னால் வந்த டெம்போ முட்டாமல் போனது அவர் அம்மா செய்த புண்ணியம். மழைக்கோட்டு மூடியிருந்ததால் வந்தவரின் பெயரும் தெரியவில்லை, நம்பரும் தெரியவில்லை. முதல் வேலையாகச் சாவியைப் பிடுங்கினார்கள். இரண்டாவது வார்த்தையே 'எடா பாண்டி!' லைசென்ஸ் போனில் இருக்கிறது, பாருங்கள் சார் என்றார், பார்க்கவில்லை. மலையாளத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ரசீதும் கிடையாது. விட்டபோது விடிந்துவிட்டது. பூ வாடிவிட்டது. மொத்த வியாபாரி பாதி விலைதான் கொடுத்தார். மீதிப் பாதியை முதலாளி இவர் கூலியில் பிடித்துக்கொண்டார்.

'உயிரோடு விட்டார்களே, இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா?' என்று கேட்கிற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தேதியை நினைவூட்டுகிறோம்: 2018 நவம்பர் 5.

அன்று இரவு நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் கொடங்காவிளையில், காரை நிறுத்திய இடம் குறித்து ஒரு வாய்த் தகராறு. ஒரு பக்கம் 32 வயது இளைஞர், சாதாரண உழைப்பாளி. மறுபக்கம் சீருடை இல்லாமல் வந்திருந்த நெய்யாற்றின்கரை டி.எஸ்.பி. அந்த அதிகாரி இளைஞரைப் பிடித்துத் தள்ளினார், ஓடி வந்த கார் அவர் மேல் மோதியது என்பதே வழக்கு. அடிபட்டவரை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது. ஆம்புலன்ஸ் நேராக அங்கே போகவில்லை. உயிருக்குப் போராடுகிறவரை ஏற்றிக்கொண்டு முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது என்று குற்றச்சாட்டு எழுந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். தலைமறைவான அந்த டி.எஸ்.பி. நவம்பர் 13ஆம் தேதி தம் வீட்டில் பிணமாகக் கிடைத்தார். கோர்ட்டு எதையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் முன்பே கதை முடிந்துவிட்டது. இளம் விதவையோ குழந்தைகளோடு தெருவில் நின்றார். வேலைக்கும் நஷ்டஈட்டுக்கும் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது.

ஒரு வாய்த் தகராறு எப்படி இரண்டு சாவில் முடிந்தது? இருட்டு, பெயர்ப் பட்டை இல்லை, 'என்னை எதிர்த்துப் பேசுவதா' என்கிற அதிகார மமதை. பூ வேனை நிறுத்திய இடத்திலும் இந்த மூன்றும் இருந்தன. அந்தத் தம்பிக்கு வாடியது பூ மட்டும்தான் என்பது அவர் அதிர்ஷ்டம், முறை அல்ல.

இது மலையாளிப் போலீஸின் குணம் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். கொடங்காவிளையில் செத்தவரும் மலையாளிதான். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டுப் போலீஸ் நம்மை மடியில் உட்காரவைத்துக் கொஞ்சுகிறதா? 2018 மார்ச் 7 அன்று திருச்சி துவாக்குடியில், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியரை இன்ஸ்பெக்டர் துரத்திச் சென்று பைக்கை உதைத்தார் என்று வழக்கு. கீழே விழுந்த மனைவி செத்துப்போனார். 2021 ஜூனில் சேலம் மாவட்டத்துச் சோதனைச் சாவடி ஒன்றில் லத்தியடி பட்ட மனிதர் மறுநாள் உயிரிழந்தார். இரண்டிலும் தமிழ் பேசுகிற போலீஸ், தமிழ் பேசுகிற ஏழை. இது மொழிச் சண்டை அல்ல தோழர்களே. அதிகாரத்துக்கும் உழைப்பாளிக்கும் நடுவிலுள்ள பிரச்சினை.

சந்தேகமிருந்தால் 2019 ஆகஸ்ட் 3ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் திருவனந்தபுரத்தில் நடந்ததைப் பாருங்கள். 'சிராஜ்' பத்திரிகையின் செய்தியாளர் கே.எம். பஷீர் கார் மோதி இறந்தார். காரை ஓட்டியதாக வழக்கில் சேர்க்கப்பட்டவர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. நம் கொத்தனார் வந்தால் பைக்கிலிருந்து இறங்குமுன் வாயில் குழாயை வைத்து ஊதச் சொல்கிறார்கள். அந்த அதிகாரியின் இரத்தத்தையோ பல மணி நேரம் கழித்துத்தான் எடுத்தார்கள். அதில் மது இல்லை என்று முடிவு வந்ததில் ஆச்சரியம் என்ன? சட்டம் ஒன்றுதான், கடிகாரம்தான் ஆளுக்கு ஆள் வேறாக ஓடுகிறது!

இதை எழுதும் நாம் பிழைப்புக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறோம். ரயில்வேயிலும் வண்டியை நிறுத்துகிறார்கள். தண்டவாளத்தில் ஆபத்து என்றால் யாரும் இருட்டிலிருந்து எஞ்சின் முன்னால் குதிப்பதில்லை. அகலப் பாதையில் 600 மீட்டருக்கு முன் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டருக்கு முன் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வைக்க வேண்டும். சிவப்பு விளக்கைக் காட்ட வேண்டும். ஏன்? ஓடுகிற வண்டி நிற்பதற்குத் தூரம் வேண்டும் என்று விதி எழுதியவனுக்குத் தெரியும். யார் நிறுத்தியது, எத்தனை மணிக்கு, என்ன காரணம் என்பதெல்லாம் எழுத்தில் ஏறும். ரயிலுக்குத் தரும் மரியாதையைப் பூ வேனுக்கும் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நாம் கேட்பது சலுகை அல்ல. சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 130ஆம் பிரிவின்படி சீருடையிலுள்ள போலீஸ் அதிகாரி கேட்டால் டிரைவர் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும். இது நம் கடமை. 'சீருடையிலுள்ள' என்ற சொல் அவர்களுடைய கடமை. 2018இல் செய்த விதித் திருத்தத்துக்குப் பின் டிஜிலாக்கரில் உள்ள ஆவணமும் ஆவணம்தான். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் 206ஆம் பிரிவின்படி அதற்குத் தற்காலிகச் சீட்டுக் கொடுக்க வேண்டும். குடித்து ஓட்டியதாகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும். தவறினால் விட்டுவிட வேண்டும். சாவியைப் பிடுங்கலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

2019 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஹெல்மெட் போடாதவரைத் துரத்திப் பிடிக்கக் கூடாது; நடுரோட்டில் பாய்ந்து மறிக்கக் கூடாது; கேமரா போன்ற கருவிகளைக் கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். 2023 ஜூன் முதல் மாநிலம் முழுக்க 726 கேமராக்களை வைத்து அரசு அபராதம் வசூலிக்கத் தொடங்கியது. கேமரா வந்த பிறகும் மரத்தடியில் ஒளிந்து நிற்பது எதற்கு?

2011ஆம் ஆண்டின் கேரளப் போலீஸ் சட்டம் 29ஆம் பிரிவு, பொதுமக்களிடம் மரியாதையாக நடக்க வேண்டும் என்கிறது. 33ஆம் பிரிவு, போலீஸ் நடவடிக்கையைச் சட்டப்படி படம் பிடிக்கும் பொதுமக்களைப் போலீஸ் தடுக்கக் கூடாது என்கிறது. 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் கண்டித்த பிறகு, 'எடா', 'எடீ', 'நீ' என்று மக்களை அழைக்கக் கூடாதென்று டி.ஜி.பி.யே சுற்றறிக்கை விட்டார். கைது செய்யும் போலீஸாரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. நம் குறையை நாம் அறிந்த மொழியில் எழுதிக் கொடுக்க அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு இடம் தருகிறது.

போலீஸ்காரரின் உயிரும் உயிர்தான் என்பதை நாம் மறக்கவில்லை. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் காவலில் இருந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். நாம் தினமும் கடந்து போகிற சாவடி அது. அவர் வீட்டிலும் ஒரு குடும்பம் காத்திருந்தது. இருட்டில் ஒற்றை ஆளாக ஒரு போலீஸ்காரரை நிறுத்துகிற மேலதிகாரிகள் அவருக்கும் துரோகம் செய்கிறார்கள், நமக்கும் துரோகம் செய்கிறார்கள். விளக்கும் கேமராவும் கூட ஓர் ஆளும் இருந்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு யோக்கியதை இல்லை. குடித்துவிட்டு வண்டி எடுப்பவர் நம்மில் உண்டு. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, கை காட்டினால் முறுக்கிக்கொண்டு பறப்பவர் உண்டு. எல்லாவற்றையும்விட மோசம், நூறு ரூபாயை மடித்து நீட்டித் தப்பித்துக்கொள்கிற பழக்கம். நாம் நீட்டும் நோட்டுத்தான் நாளைக்கு வரும் தம்பியின் சாவியைப் பிடுங்குகிறது. கை காட்டினால் நில்லுங்கள். உள்விளக்கைப் போடுங்கள். காகிதத்தைக் காட்டுங்கள். குரலை உயர்த்தாமல் பெயரைக் கேளுங்கள். படித்துப் புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் கோரிக்கைகள் இவை:

1. இரவுச் சோதனை வெளிச்சமுள்ள நேர்ச் சாலையில் மட்டும் நடக்க வேண்டும். தூரத்திலேயே தெரியும்படி அறிவிப்புப் பலகையும் மின்னும் விளக்கும் வேண்டும்.

2. மழைக்கோட்டின் மேலும் பெயரும் எண்ணும் தெரிய வேண்டும்.

3. சாவி பிடுங்குவது, துரத்துவது, குறுக்கே பாய்வது அடியோடு நிற்க வேண்டும்.

4. எல்லையோர ஸ்டேஷன் ஒவ்வொன்றிலும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து.

5. அடிபட்டவர் முதலில் ஆஸ்பத்திரிக்கு, ஸ்டேஷன் பிறகு.

6. எந்தச் சாவடியிலும் போலீஸ்காரரைத் தனியே நிறுத்தக் கூடாது.

ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அது புலம்பல். ஊரார் எழுதிக் கொடுத்தால் அது மனு. ஆகவே இந்த மாதம் முதல், இரவில் நிறுத்தப்பட்ட ஒவ்வொரு தோழரும் தேதி, மணி, இடம், வண்டி எண், தெரிந்தால் அதிகாரியின் பெயர் ஆகியவற்றைத் துண்டுக் காகிதத்திலாவது எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தர நாம் இருக்கிறோம். மரியாதையாக நடந்துகொண்ட போலீஸ்காரர் பெயரையும் எழுதுங்கள்; அதையும் சேர்ப்போம். அவற்றைத் தொகுத்துக் கேரளப் போலீஸ் சட்டப்படி அமைந்த மாவட்டப் போலீஸ் புகார் ஆணையத்திடமும் நம் தொகுதி எம்.எல்.ஏ.யிடமும் நேரில் கொண்டு போவோம்.

நிற்கச் சொல்லுங்கள், நிற்கிறோம். பெயரைச் சொல்லிவிட்டு, வெளிச்சத்தில் நிறுத்துங்கள்!