முடிவுறாத அத்தியாயம்

மீகடத்துதிறன் பற்றிய பாடம் பெரும்பாலும் 1957ஆம் ஆண்டுடன் முடிந்துவிடுகின்றது. 1911இல் கமர்லிங் ஒன்னெசு 4.2 கெல்வினளவில் இரசத்தின் மின்தடை மறையக் கண்டார். பார்டீன், கூப்பர், சிறீபர் மூவரும் 1957இல் காரணங் கூறினர். மாணவன் ஏட்டை மூடலாம். இது கற்பித்தலன்று, பாதியை மறைத்தல்.

1986இல் சூரிச்சிலே பெட்நோர்சும் முல்லரும் ஆராய்ந்த பொருள் செப்பு ஒட்சைட்டு. இலந்தனம், செப்பு, ஒட்சிசன் ஆகியவை சேர்ந்த தூய சேர்வையில் ஒவ்வொரு செப்பணுவிலும் சோடி சேராத இலத்திரன் ஒன்றுண்டு. சத்திப்பட்டைக் கொள்கையின்படி அஃது உலோகமாதல் வேண்டும். ஆனால் அது காவலி! இலத்திரன்கள் ஒன்றையொன்று கடுமையாகத் தள்ளுவதே காரணம். சித்தாண்டி முருகன் கோயில் வீதியில் திருவிழாவன்று தோளோடு தோள் நெருங்கி நிற்போருள் எவர்தாம் அடுத்தவர் நிற்குமிடத்துக்கு நகர முடியும்? சிலர் விலகினாலே அசைவு பிறக்கும். இலந்தனத்திற் சிறிதை அகற்றிப் பேரியத்தை இட்டபோது சில இலத்திரன்கள் விலகின. 30 கெல்வினுக்கு மேலேயே மீகடத்தல் தலைகாட்டிற்று. மறு ஆண்டிற் கண்ட இற்றியம் சேர்ந்த ஒட்சைட்டோ 90 கெல்வினையும் தாண்டிற்று. 77 கெல்வினிற் கொதிக்கும் திரவ நைதரசனே அதனைக் குளிர்விக்கப் போதும்.

தள்ளிக்கொள்ளும் இலத்திரன்கள் எங்ஙனம் சோடி சேர்ந்தன? சாலக அதிர்வைக் காட்டும் பழைய விடை இங்கே போதவில்லை. காவலி நிலையிலேயே அயல் இலத்திரன்கள் சோடியாகப் பிணைந்துள்ளன, வெற்றிடம் கிடைத்ததும் அச்சோடிகளே ஓடுகின்றன என்னுங் கருத்தை அன்டர்சன் 1987 சனவரியிற் பெங்களூர் மாநாட்டில் முன்வைத்தார். அவ்வாண்டே அதற்குக் கணித உருத்தந்த கட்டுரையின் முதலாசிரியர் கணபதி பாஸ்கரன்; சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் ஆய்வு செய்தவர். அக்கொள்கையை எல்லோரும் ஏற்றிலர். வழக்கு இன்னும் நடக்கின்றது.

தீராத வழக்கைக் கூறினால் மாணவர் மயங்குவர் என்பர் சிலர். மயங்கியவர் யார்? 2023இல் அறை வெப்பநிலையில் இயங்கும் மீகடத்தி கிட்டியதென்று கொரியாவிலிருந்து செய்தி வந்தபோது, முடிந்த விடைகளை மட்டுமே மனனஞ் செய்தோர் நம்பிக் கூத்தாடினர். ஐயுறப் பழகியோர் அப்பொருளைச் சோதித்து, தடை திடீரென வீழ்ந்தமை செப்புச் சல்பைட்டு மாசினால் என்று சில வாரங்களிற் காட்டினர்.

சித்தாண்டியில் தமிழிலே உயர்தரங் கற்ற மாணவன் அயலிலுள்ள வந்தாறுமூலை வளாகத்துக்கு வருகின்றான். கிழக்குப் பல்கலைக்கழகம் முழுப் பல்கலைக்கழகமானதும் அந்த 1986இலேதான். காவலி, சோடி, சாலகம், மாசு ஆகிய சொற்களெல்லாம் அவனிடம் முன்னரே உள. ஆங்கிலம் வரட்டும், பின்னர் பார்ப்போம் என்று அவனைக் காக்கவைப்பதற்கு நியாயம் ஏது? பழைய மூவருக்கு ஒதுக்கும் விரிவுரைகளில் இரண்டை இவ்வழக்குக்குத் தந்தாற் போதும்.