குப்பை வண்டிக்கு வாய் எங்கே இருக்கணும்?



நம் மலரில் கம்ப்யூட்டர், ரோபோ, மின்சாரக் கார் பற்றியெல்லாம் எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. குப்பை வண்டியைப் பற்றி எழுத ஒருத்தரும் போட்டிக்கு வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் நான் பேனாவை எடுத்தேன். சிரிக்காதீங்க! இரண்டு வருஷமாக நாம் படித்த ஹைட்ராலிக்ஸ், லிவர், லிங்கேஜ் அத்தனையையும் ஒரே இடத்தில் பார்க்கணும் என்றால் அது குப்பை வண்டிதான்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் டெம்ப்ஸ்டர் சகோதரர்கள் என்று இருந்தார்கள். குப்பையை வாரி லாரியில் போடுவானேன், நிறைந்த இரும்புப் பெட்டியையே லாரி தூக்கிக்கொண்டு போகட்டுமே என்று 1930களில் ஒரு வண்டி செய்தார்கள். டெம்ப்ஸ்டர் என்ற பெயரோடு டம்ப் என்ற சொல்லும் சேர்ந்து ‘டம்ப்ஸ்டர்’ ஆயிற்று. நம் ஊர்களில் இரண்டு கரமும் சங்கிலியுமாகத் தொட்டியைத் தூக்கிப் போகும் டம்பர் பிளேசர் அந்தக் குடும்பத்து வாரிசுதான். ஆனால் நடைக்கு ஒரு பெட்டிதான். கிடங்குக்குப் போய்க் கொட்டிவிட்டு மறுபடியும் வரணும். டீசலுக்கு யார் பதில் சொல்வது?

அதற்கு மருந்தாக 1950களில் அவர்களே கொண்டுவந்தது ‘டம்ப்மாஸ்டர்’ என்ற முன்பக்கம் ஏற்றும் வண்டி. கேபினுக்கு முன்னால் இரண்டு கரம், நுனியில் ஃபோர்க். டிரைவர் நேரே ஓட்டிப் போய், பெட்டியின் இருபக்க உறைகளிலும் ஃபோர்க்கைச் செருகுவார். ஹைட்ராலிக் சிலிண்டர் தூக்கும். பெட்டி டிரைவரின் தலைக்கு மேலாகப் போய்ப் பின்னால் உள்ள திறப்பில் கவிழும். உள்ளே ஒரு பிளேடு குப்பையைப் பின்னுக்குத் தள்ளி அமுக்கும். காலிப் பெட்டி பழைய இடத்துக்கே வந்துவிடும். டிரைவர் சீட்டை விட்டு இறங்கவே வேண்டாம்!

இதை அப்படியே நம் காந்திபுரத்துக்குக் கொண்டுவந்தால்? ஓடாது என்பது என் கட்சி. பெட்டி மேலே போகும்போது ஐந்து மீட்டருக்கும் மேல் வெற்றிடம் வேண்டும். கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் அண்ணாந்து பாருங்க: கரண்ட் கம்பி, கேபிள், கடை போர்டு. கீழே பார்த்தால் பைக் வரிசை. பெட்டிக்கு நேராக வண்டியை நிறுத்த இடம் எங்கே? அப்புறம் நம் குப்பையே வேறு. மெஸ்ஸில் விழுகிற வாழை இலை, மிச்ச சாம்பார், இளநீர் மட்டை... அமுக்கினால் தண்ணீர்தான் கொட்டும். 2016இல் வந்த திடக்கழிவு விதிகள் ஈரம், காய்ந்தது, அபாயமானது என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. எல்லாவற்றையும் ஒரே வாயில் கவிழ்த்து அமுக்கினால் பிரித்த வேலை வீண். அந்தக் கலப்படம் கடைசியில் போய்ச் சேருவது வெள்ளலூர் கிடங்கு. 2024 ஏப்ரலில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்ததை மறந்திருக்க மாட்டோம்.

ஆனாலும் அந்த வண்டியின் கதையில் ஒரு பாகம் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக் குப்பை எடுக்கப் போனபோது, ஃபோர்க்கிலேயே ஒரு தாழ்ந்த தொட்டியை மாட்டிக் கேபினுக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். தொழிலாளி இடுப்பு உயரத்தில் கொட்டினால் போதும். நிறைந்ததும் வண்டி தூக்கிக் கவிழ்த்துக்கொள்ளும். அதோடு, கொட்டுகிறவர் டிரைவரின் கண் முன்னாலேயே நிற்கிறார். பின்பக்கம் ஏற்றும் வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்பவரின் உயிர் ஒரு சின்னக் கண்ணாடியை நம்பித்தானே இருக்கிறது?

இதைப் படித்த பிறகு ஒருநாள் விடிகாலையில் ஒரு லாரியில் குப்பை ஏற்றுவதை நின்று பார்த்தேன். கீழே ஒருவர், மேலே ஒருவர். கீழே நின்றவர் கூடையைத் தலைக்கு மேல் தூக்குகிறார். ஒழுகுகிற தண்ணீர் அவர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போகிறது. “ஏனுங்ண்ணா, ஒரு நாளைக்கு எத்தனை கூடை தூக்குவீங்க?” என்று கேட்டேன். “எண்ணிப் பாத்தா தூக்க முடியுமா கண்ணு?” என்றார்.

நாம் டிசைன் பண்ண வேண்டியது இந்தத் தூக்கலைத்தான். ராட்சசக் கரம் வேண்டாம், அதற்குள் இருக்கும் யோசனையை எடுத்துக்கொள்ளலாம். 2005இல் டாடா ஏஸ் வந்த பிறகு சந்துக்குள் நுழைகிற வண்டிக்குக் குறையில்லை. ஆனால் ஏற்றுகிற உயரத்தைக் கவனித்தீர்களா? பாடியின் பக்கச் சுவர் பல வண்டிகளில் நெஞ்சுக்கு மேலே நிற்கிறது. கேபினுக்கு ஒட்டிப் பின்னால், இடது பக்கம், டிரைவரின் கண்ணாடியில் முழுசாகத் தெரிகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தட்டு வைப்போம். நடுவில் தடுப்பு போட்டால் ஈரம் ஒரு பக்கம், காய்ந்தது ஒரு பக்கம். ஒரு சின்ன சிலிண்டரும் நாலு கம்பி லிங்கேஜும் அதைப் பாடி விளிம்பு வரை தூக்கிக் கவிழ்க்கட்டும். அடியில் தண்ணீர் வடிய ஒரு டேங்க். கம்பியில் இடிக்கிற உயரமே வராது. கணபதி, பீளமேடு பட்டறைகளில் செய்ய முடியாத வேலையா இது? ‘செலவு அதிகமாகுமே’ என்பார்கள். ஆகட்டும். இப்போது அந்தச் செலவை ஒருவருடைய முதுகெலும்பு கட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு மட்டும் பில் வருவதில்லை.

அடுத்த வருஷம் நமக்கு ஃபைனல் இயர். போன வருஷத்து ரிப்போர்ட்டுக்கு அட்டை மாற்றி வைக்கிற ப்ராஜெக்ட்டில் எனக்கு இஷ்டமில்லை. இந்தத் தட்டுக்கு நாலு பேர் வேண்டும். நான் ஒருத்தன் ரெடி. வெல்டிங் கை உள்ளவர்களும், காலை ஐந்து மணிக்கு எழுந்து அளவு டேப்போடு வரக்கூடியவர்களும் பெயர் கொடுங்க.