மேடையேறாத இசைப் பட்டம் வேண்டாம்

தூத்துக்குடி, திருச்செந்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் இசை கற்பவர்களும் கற்பிப்பவர்களும் கேட்பவர்களுமாகச் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பு, தென்மாவட்டக் கல்லூரிகளில் இசைக் கல்வி எப்படி அமைய வேண்டும் என்பதில் தன் நிலைப்பாட்டை இங்கே வைக்கிறது. இசையைப் பாடமாக வைக்கும் எந்தப் பட்டமும் கச்சேரியில் போய் முடிய வேண்டும். அந்தக் கச்சேரிக்கு மாணவரைத் தயார் செய்பவர்களில், பாடியும் வாசித்துமே வாழ்ந்தவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

எங்கள் மாவட்டம் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. 1891-இல் வெளிவந்த சுந்தரனாரின் நாடகத்திலுள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதுதான் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசு, முல்லைப்பாணி எனப்படும் மோகன ராகத்தில் 55 விநாடிகளில் பாட வேண்டும் என்றது. பொது நிகழ்ச்சிகளில் ஒலிப்பதிவை ஓடவிடாமல், பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகவே பாட வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பயிற்சி பெற்றவர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஒரு கல்லூரியில் சுருதி பிசகாமல் பாட நாலு பேரை உருவாக்கவும் ஓர் ஆசிரியர் வேண்டும், வாரத்தில் சில மணி நேரம் வேண்டும். அந்தப் புலவரின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் இதில் மற்றவர்களுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இசையை ஏட்டில் ஏற்றிப் படிப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் காலமானது எட்டயபுரத்தில். அவர் வழியில் வந்த சுப்பராம தீட்சிதர், எட்டயபுரம் அரண்மனை வித்வானாக இருந்தபடியே, ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை எழுதினார். 1904-இல் எட்டயபுரத்திலேயே அது அச்சாயிற்று. கமகம் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி கண்டுபிடித்து, நூற்றுக்கணக்கான உருப்படிகளைச் சுரப்படுத்தித் தந்த பெரும் நூல் அது. தீட்சிதர் கீர்த்தனையில் ஐயம் வந்தால் ஆய்வாளர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். அதை எழுதியவர் வித்வான். ஏட்டில் எழுதியதைத் தானே பாடிக் காட்டக் கூடியவர். ஏட்டை ஒருவரிடமும் பாட்டை வேறொருவரிடமும் தேடும் நிலை பிற்பாடு நாமாக வரவழைத்துக் கொண்டது. இசை வரலாற்றில் முதல் மதிப்பெண் வாங்கியும் ஒரு கீர்த்தனையை முழுதாகப் பாடக் கூசும் பட்டதாரிகளைப் பார்க்கும்போது எங்களுக்கு வருத்தமே மிஞ்சுகிறது. குற்றம் அவர்களுடையதல்ல. அவர்களை யாரும் மேடையில் உட்கார வைக்கவில்லை.

பாடத்திட்டம் எட்டயபுரத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறோம். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து கழுகுமலை முருகன் மீது பாடப்பட்டது. நாடகப் பாட்டுக்கு இலக்கணம் போல நிற்கும் சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகம் மீது திருப்புகழ் பாடினார். அருணகிரியார் கையாண்ட சந்தங்கள் அங்கே இன்னொரு பக்திக்கு வாய்த்தன. கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களுக்கு வாசாப்பு நாடகமும் அதன் பாட்டுகளும் உண்டு.

பிறகு மீனவர்களின் அம்பாப் பாட்டு. கரைவலை இழுக்கையில் ஒருவர் முன்பாட்டு எடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வலை கனக்கும்போது பாட்டு தணிந்து நடக்கும். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கத் துரிதமாகும். காலப்பிரமாணத்தை உடம்பால் கற்பிக்க இதைவிட நல்ல வகுப்பு எங்களுக்குத் தெரியாது. ஆனால் பாட்டுக்கு இடம் தந்த வேலை சுருங்கிக் கொண்டே வருகிறது. கடைசி முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961-இல் முடிந்தது. இயந்திரப் படகு வந்த பின் துடுப்பும் பாய்மரமும் ஒதுங்கின. தொழில் போன பிறகும் பாட்டு வாழ வேண்டுமானால் அதைக் கற்றுக்கொள்ள ஆள் வேண்டும். ஆகவே அம்பா விருப்பப் பாடமாக ஓரத்தில் ஒட்டப்படாமல் முதன்மைத் தாளாக அமைய வேண்டும். மணப்பாட்டிலோ புன்னைக்காயலிலோ அதைப் பாடும் பெரியவரே வகுப்பெடுக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்தால் அவருடைய சம்மதத்தோடும் பெயரோடும் உரிய ஊதியத்தோடும் செய்ய வேண்டும்.

அவரிடம் பட்டம் இல்லையே என்பார்கள். நாகசுர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்திடம் இருந்ததும் பட்டமல்ல. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பெற்ற பாடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் டைகர் வரதாச்சாரியாரையும் ஓதுவார் மரபில் வந்த தண்டபாணி தேசிகரையும் இசை கற்பிக்க அழைத்துக் கொண்டது. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடரான மிருதங்க வித்வான் டி. ரங்கநாதனை 1963-இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் கலைஞர் என்ற தகுதியிலேயே அழைத்தது. விதியும் இப்போது தடையாக இல்லை. துறையில் நீண்ட அனுபவம் உள்ளவரை முறையான கல்வித் தகுதி கேட்காமல் பேராசிரியராக அமர்த்த பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வழிவிட்டது. கலைஞர்களைக் கல்வி நிலையங்களில் தங்கிக் கற்பிக்க அழைப்பதற்கான வழிகாட்டுதலையும் 2023-இல் தந்தது. அந்த வாசல்களைப் பயன்படுத்துங்கள் என்றே கேட்கிறோம்.

இறுதி ஆண்டுச் செய்முறைத் தேர்வு, மூடிய அறையில் இரண்டு தேர்வாளர்கள் முன் பத்து நிமிடம் பாடுவதோடு முடியக் கூடாது. பக்கவாத்தியத்தோடு ஒரு மணி நேரக் கச்சேரி, ஊரார் முன்னால், நுழைவுக் கட்டணமின்றி நடக்க வேண்டும். பனிமய மாதா கோயில் திருவிழாவோ திருச்செந்தூர் ஆவணித் திருவிழாவோ நடக்கும் நாள்களை ஒட்டி இவற்றை வைத்தால் கேட்பதற்கு ஆளும் தானே வரும். செலவில் ஒரு பங்கைத் துறைமுகமும் இங்குள்ள உப்பு, மீன் ஏற்றுமதி நிறுவனங்களும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஏற்க வேண்டும்.

கல்லூரி விழாக்கள் பற்றியும் ஒன்று. நாகசுரக் கலைஞரை வாசலில் நிற்க வைத்து, சிறப்பு விருந்தினர் உள்ளே வந்ததும் போதும் என்று கையமர்த்தும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை நாங்கள் ஏற்கவில்லை. நாகசுரமும் தவிலும் மேடையில் அமர்ந்து, குறைந்தது ஒரு ராகமாவது முழுதாக ஆலாபனை செய்ய நேரம் கொடுக்கப்பட வேண்டும். மாணவர்கள் அரங்கில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இந்த அறிக்கையைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் இணைவுக் கல்லூரி முதல்வர்களுக்கும் அனுப்புகிறோம். பாடத்திட்டக் குழு அடுத்து கூடும்போது, ஓர் அம்பாப் பாடகரையும் ஒரு நாகசுரக் கலைஞரையும் உடன் அழைத்துவந்து பேச நேரம் கேட்கிறோம்.