வாசற்படியில் தங்கிய படகு

இங்கிலாந்தின் கால்வாய்களிலிருந்து அவ்வப்போது வரும் செய்தி ஒன்று உண்டு. லாக் ஒன்றினுள் படகு மூழ்கிவிட்டது. மேலும் கீழும் படகுகள் வரிசையில் நிற்கின்றன. மூழ்கியதை வெளியே எடுக்கும்வரை அந்த வழியில் போக்குவரத்து இல்லை. உள்ளூர்ப் பத்திரிகை நாலு வரியில் இதை முடித்துவிடும். காரணம் எழுதவேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒரே சொல்: கவனக்குறைவு. நமக்கு வழக்கு அந்தச் சொல்லோடுதான்.

லாக் என்பதற்கு நம்மிடம் நிலைபெற்ற சொல் இல்லை. பக்கிங்ஹாம் கால்வாயின் புண்ணியத்தில் சென்னை சேப்பாக்கத்தில் ஒரு லாக் நகர் இருக்கிறது. அங்கே வசிப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியும் என்பது வேறு விஷயம். நாமும் லாக் என்றே சொல்லிக்கொள்வோம். உயரம் மாறும் இரண்டு நீர்மட்டங்களுக்கு நடுவே கட்டப்பட்ட ஒரு கல் தொட்டி, இரு முனைகளிலும் கதவுகள். படகு உள்ளே நுழைந்ததும் கதவை அடைத்து, மதகுப் பலகையைத் தூக்கி நீரை நிரப்பினால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். எந்திரமே தேவையில்லை. ஒரு கைப்பிடி, இரண்டு கைகள், கொஞ்சம் பொறுமை. பதினெட்டாம் நூற்றாண்டின் இந்த ஏற்பாடு இன்றும் அப்படியே இயங்குகிறது என்பதே அதன் அழகு. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

மேல்கதவு தொட்டியின் தரைவரை இறங்குவதில்லை. அதன் அடியில் ஒரு கல் மேடை உண்டு. கதவு அதன்மீது பதிந்துதான் மூடுகிறது. அதை அங்குள்ளவர்கள் வாசற்படி என்ற பொருள்படும் சொல்லால்தான் அழைக்கிறார்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது இந்தப் படி கண்ணுக்குத் தெரியாது. கீழே இறங்கவேண்டிய படகு, பின்பகுதி அந்தப் படிக்கு மேலே இருக்கும்படி கொஞ்சம் பின்தங்கி நின்றுவிட்டால் போதும். நீர் வடிகிறது, அணியம் நீரோடு இறங்குகிறது, பின்பகுதி படியில் தங்கிவிடுகிறது. படகு சாய்கிறது. முதலில் ஒரு கோப்பை உருளும் சத்தம், பிறகு அலமாரிகள் திறந்துகொள்ளும் சத்தம். முன்தளத்தின் வழியே நீர் உள்ளே புகத் தொடங்கினால் பத்து இருபது டன் எஃகு மூழ்குவதற்குச் சில நிமிடங்களுக்கு மேல் ஆகாது. செய்யவேண்டியது எளிது: கீழ்மதகை உடனே மூடு, பிறகு மேல்மதகை மெல்லத் திற. ஆனால் மதகருகில் நிற்பவர் படகில் இருப்பவரின் கணவராகவோ மகளாகவோ இருப்பார், கத்துவது கேட்காது, கேட்டாலும், அந்த நொடியில் எது கீழ்மதகு எது மேல்மதகு என்று கை தடுமாறும்.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. படி எங்கே முடிகிறது என்பதைக் காட்ட லாக்கின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தீட்டியிருக்கிறார்கள். ஆனால் சுக்கான் பிடிப்பவர் படகின் பின்முனையில் நிற்கிறார். படகு இறங்க இறங்க அந்தக் கோடு அவர் தலைக்கு மேலே போய்விடுகிறது. இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் லாக்கின் நீளம் சுமார் 72 அடி, அகலம் சுமார் 7 அடி. 70 அடிப் படகு ஒன்று அதற்குள் நின்றால் முன்னும் பின்னும் மிஞ்சுவது முழங்கை அகலம். விடுமுறைக்குப் படகை வாடகைக்கு எடுக்கும் குடும்பத்துக்குக் கிடைப்பது புறப்படும்முன் தரப்படும் சிறு பயிற்சி மட்டுமே. ஓட்டுநர் உரிமம் எதுவும் தேவையில்லை.

இது வெறும் பொருள்நஷ்டக் கதையும் அல்ல. 1998 ஆகஸ்ட் 19 அன்று யார்க்ஷயரின் கார்கிரேவ் அருகே, லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயின் லாக் ஒன்றில் டிரம் மேஜர் என்ற உல்லாசப் படகு மூழ்கியதில் நான்கு பேர் இறந்தார்கள். பயணிகளில் ஊனமுற்றோர் இருந்தார்கள். கால்வாய் முழங்காலளவு நீர்தானே என்று சிரிப்பவர்களிடம் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. கால்வாயில் ஆழம் குறைவுதான். லாக்கில் அப்படியில்லை.

இந்த ஆழத்தைப் பற்றிப் பேசும்போது டார்டெபிக் நினைவுக்கு வராமல் இராது. வூஸ்டர்-பர்மிங்ஹாம் கால்வாயில், இரண்டேகால் மைல் தூரத்துக்குள் 30 லாக்குகள். 220 அடி ஏற்றம். பிரிட்டனின் மிக நீண்ட லாக் வரிசை இதுதான். உச்சியிலுள்ள லாக் ஏறக்குறைய 14 அடி ஆழம், குறுகிய கால்வாய்களில் மிக ஆழமானவற்றுள் ஒன்று. இதில் ஒரு லாக்கில் ஒரு படகு மூழ்கினால் முப்பதும் நின்றுபோகும். சாலையில் விபத்து என்றால் சந்து வழியாகச் சுற்றிப் போகலாம். கால்வாய்க்குச் சந்து கிடையாது. நீளமான படகைத் திருப்புவதற்குக்கூட அதற்கென்று வெட்டிய அகன்ற இடத்தைத் தேடிப் போகவேண்டும்.

இலக்கிய வாசகருக்கு டார்டெபிக் வேறொரு காரணத்துக்காகவும் முக்கியம். எல்.டி.சி. ரோல்ட் தமது க்ரெஸ்ஸி என்ற படகைப் போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கட்டிவைத்திருந்தது இங்கேதான். 1944இல் வெளிவந்த அவருடைய ‘நேரோ போட்’ நூலைப் படித்துவிட்டு, 1945இல் அவரைத் தேடி இங்கே வந்தவர் ராபர்ட் எய்க்மன். ஆம், பின்னாளில் விசித்திரக் கதைகளால் பெயர்பெற்ற அதே எய்க்மன். மறு ஆண்டு இருவரும் வேறு சிலரோடு சேர்ந்து உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1947இல் ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயில் ரயில்வே கம்பெனி தாழ்வாக இறக்கிவைத்திருந்த பாலத்தை, படகோட்டும் பழைய உரிமையைக் காட்டி, ரோல்ட் தூக்கவைத்த கதை பிரசித்தம். (இருவருமே கால்வாயை விட்டுப் பேய்க்கதைக்கும் போனார்கள். எய்க்மனோடு 1951இல் கூட்டுத் தொகுப்பு வெளியிட்ட எலிசபெத் ஜேன் ஹோவர்டு அதில் எழுதிய ‘த்ரீ மைல்ஸ் அப்’ கால்வாயிலேயே நிகழ்கிறது. அமானுஷ்யக் கதை விரும்புவோர் தேடிப் படிக்கலாம்.)

நட்பு நீடிக்கவில்லை. எல்லாக் கால்வாய்களையும் காப்பாற்றியே தீரவேண்டும் என்றார் எய்க்மன். கால்வாயில் சரக்கு ஏற்றி, அதிலேயே பிறந்து வளர்ந்து பிழைக்கும் படகுக் குடும்பங்களைக் காப்பதுதான் முதற்கடமை என்பது ரோல்ட்டின் கட்சி. 1951இல் ரோல்ட் தாம் நிறுவிய சங்கத்திலிருந்தே நீக்கப்பட்டார். அதன்பின் நடந்தது தெரிந்த கதை. 1962-63 குளிர்காலத்தில் வாரக்கணக்கில் கால்வாய்கள் உறைந்தன. மிச்சமிருந்த சரக்கும் லாரிக்குப் போயிற்று. படகுக் குடும்பங்கள் கரையேறின. கால்வாய்கள் பிழைத்தன, உல்லாசப் பயணத்துக்காக. எய்க்மன் வென்றார், அதுவும் அவர் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக.

நம்முடைய எண்ணம், மூழ்கிய ஒவ்வொரு படகின் செய்தியிலும் அந்தப் பழைய சண்டை தொடர்கிறது என்பதே. படகுக்காரர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஒரே இடத்தில் தங்காததால் பிள்ளைகளுக்குப் பள்ளி வாய்க்கவில்லை. ஆகவே எந்த லாக்கின் படி எவ்வளவு நீளம், எந்த மதகைத் தூக்கினால் நீர் எப்படி இழுக்கும் என்பதெல்லாம் அவர்கள் கையிலும் காலிலும் இருந்தன, தாளில் இல்லை. நடைக்குக் கூலி வாங்கியவர்களுக்கு லாக் அடைபட்டால் அன்றைய சோறு போயிற்று. அந்த அறிவுக்குப் பின்னால் பசி இருந்தது. அவர்களோடு அது கரையேறிவிட்டது. அதன் இடத்தில் நாம் வைத்திருப்பது ஒரு வெள்ளைக் கோடு. அறிவைத் தொலைத்தவர்கள் ஒருபுறம் இருக்க, கோட்டைத் தாண்டியவரைக் கவனக்குறைவானவர் என்பது அத்தனை நியாயமாகப் படவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. லாக்கைத் தானே இயக்குவதுதான் கால்வாய்ப் பயணத்தின் இன்பம். ஒவ்வொன்றுக்கும் ஆள் போட்டால் அது ராட்டினமாகிவிடும். 1,500க்கு மேற்பட்ட லாக்குகளுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? 2012இல் அரசுத் துறையிலிருந்து அறக்கட்டளையின் கைக்கு மாறிய கால்வாய்களுக்கு அரசு தரும் மானியம் 2027இலிருந்து ஆண்டுதோறும் குறையும் என 2023 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. படகிலேயே வசித்து இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கான உரிமக் கட்டணத்தில் 2024 முதல் கூடுதல் தொகை வசூலிக்கிறார்கள். இன்றைய படகுக் குடும்பம் என்றால் அவர்கள்தாம். அவர்களில் ஒருவர் படகு லாக்கில் மூழ்கினால் மூழ்குவது வீடு. பின்னால் காத்திருக்கும் வாடகைப் படகுக்கோ கெடுவது விடுமுறை. செய்தியில் இரண்டும் ‘தாமதம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

எல்லா லாக்குக்கும் ஆள் வேண்டாம். ஆழம் மிகுந்தவை எவை, படி நீண்டவை எவை என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அங்கே மட்டும், கோடை மாதங்களில் மட்டும், மதகருகில் தேர்ந்த ஒருவர் நிற்கட்டும். சில லாக் வரிசைகளில் தன்னார்வலர்கள் இன்றும் நிற்கிறார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், மழையில் நனைந்தபடி. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம். பல ஆண்டுகளாகப் படகில் வாழ்பவர்களையே அந்த வேலைக்கு எடுத்து, கூடுதல் கட்டணத்தை அதில் கழித்துக்கொள்ளவும் செய்யலாம். ரோல்ட்டின் கட்சிக்கு எழுபது ஆண்டு தாமதமாக ஓர் இடம் கிடைத்ததாக இருக்கும்.