பன்னிரு திங்களும் பன்னிரு மணியும்

தமிழக அரசு தன் பணியிலுள்ள பெண்டிர்க்கு மகப்பேற்று விடுப்பை 2021-ஆம் ஆண்டில் 9 திங்களினின்று 12 திங்களாக உயர்த்தியது. பாராட்டத்தக்க செயலே! ஈன்ற மகவைத் தாய் ஓராண்டேனும் அருகிருந்து பேணவேண்டும் என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டதன் சான்று அது. ஆயின், ஈராண்டு நிரம்புமுன், 2023 ஏப்பிரல் 21-ஆம் நாள், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணிநேரம் வேலைவாங்க இடந்தரும் சட்டமுன்வடிவை அதே அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அலுவலகத்துத் தாய்க்குப் பன்னிரு திங்கள். ஆலைத் தாய்க்குப் பன்னிரு மணி! இந்தியத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இருபங்கினர் தமிழ்நாட்டு ஆலைகளில் உள்ளவர்கள் என்பதை அறியாமலா அது வரையப்பட்டது?

கிழமைக்கு 48 மணி என்னும் வரம்பு மாறாது, நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு என்று அமைச்சர்கள் விளக்கந் தந்தனர். கூட்டலும் பெருக்கலும் சரியே. குழந்தைதான் அக்கணக்கிற்குள் அடங்குவதில்லை. திங்களன்று காய்ச்சலில் துவண்ட பிள்ளை தாயின் கையை வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருந்தா தேடும்? பள்ளியில் ஆசிரியர் கடிந்ததையும், தோழி பேசாது போனதையும் அது அன்றிரவே சொல்லும். மூன்று நாள் கழித்துக் கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று போய்விடும். அந்த ‘ஒன்றுமில்லை’யில் தொடங்கும் பிரிவை எந்த விடுமுறை ஈடுசெய்யும்? தாய்மொழியும் அம்மாலைப் பொழுதுகளில்தான் கைமாறுகின்றது. பெற்றோர் பேசாத வீட்டில் கைப்பேசி பேசும். அது எம்மொழியிற் பேசும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

வழிச்செலவு வேறு இருக்கின்றது. திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்து ஊர்களினின்று திருப்பெரும்புதூர் ஆலைகளுக்கு நாள்தோறும் பேருந்திற் சென்று மீள்வோர் உளர். 12 மணி வேலையோடு போக்குவரவு 4 மணியைக் கூட்டினால் எஞ்சுவது 8 மணி. அதற்குள் உறக்கம், குளியல், அடுப்பு, துணி துவைத்தல் அனைத்தும் அடங்கவேண்டும். உறங்கும் பிள்ளையை விட்டுப் புறப்பட்டு, உறங்கிவிட்ட பிள்ளையிடம் திரும்புவதே அவ்வாழ்க்கை. தந்தைக்கும் இதே நிலைதான். அவனைப் பற்றி எவரும் பேசுவதுகூட இல்லை.

தோழமைக் கட்சிகளே அவையினின்று வெளியேறின, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஏப்பிரல் 24-இல் நிறுத்திவைக்கப்பட்ட முன்வடிவு, மே முதல் நாளன்று திரும்பப் பெறப்பட்டது. சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் இந்நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடியதற்குச் சரியாக நூறாவது ஆண்டு அது! எட்டு மணி வேலைக்காக ஒரு நூற்றாண்டு முழங்கிய மண்ணிலேயே பன்னிரண்டை எதிர்த்து மீண்டும் தெருவுக்கு வரவேண்டியதாயிற்று.

பின்வாங்கியதோடு இடர் நீங்கிவிடவில்லை. 2025 நவம்பர் 21-இல் நடுவணரசின் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இடைவேளை உள்ளிட்ட பணிப்பொழுது பத்தரை மணியைக் கடவாதிருத்தல் வேண்டுமெனத் தன்னகத்தே பொதுவரம்பு கட்டியிருந்தது. புதிய தொகுப்போ நாளுக்கு 8 மணி என்று சொல்லிவிட்டு, அப்பொழுதின் நீட்சியை உரிய அரசின் அறிவிப்பிற்கு விட்டுவிட்டது. சட்டமன்றத்தில் வாக்கெடுத்து மாற்றவேண்டியிருந்ததை இனி ஓர் அறிவிப்புத்தாளே மாற்றலாம். அத்தாளை எழுதுவோர் ஆலைவாயிலில் அட்டை பதியும் நேரத்தை மட்டும் எண்ணாமல், அத்தாய் வீட்டுப்படி மிதிக்கும் நேரத்தையும் எண்ணி எழுதட்டும்.