மேனாட்டுக் குடியானவன் சட்டி

மேனாட்டார் உணவைப்பற்றி நம்மவருட் கற்றோரும் ஒரு பிழையான கருத்துடையராய் இருக்கின்றனர். அது செல்வர் உண்ணும் வெள்ளிக்கரண்டி விருந்து. அன்றேல் உப்பும் உறைப்பும் அற்ற நோயாளிப் பத்தியம். இவ்விரண்டினுக்கும் இடையே அவர்கட்கு வேறுணவு இல்லை என்பதே அக்கருத்து. இதன் காரணத்தைத் தேடி நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை. நாம் அவ்வுணவைக் கண்ட இடங்கள் பெரும்பாலும் விடுதிகளே, வீடுகள் அல்ல. நம் கலியாணப் பந்தியை மட்டும் கண்ட அயலான் ஒருவன், தமிழர் நாடோறும் தலைவாழையிலையில் பத்துக் கறிகளோடு உண்கின்றனர் என்று எழுதிவைப்பானாயின் நாம் நகையாதிருப்போமா? பழையதும் சுட்ட கருவாடும் அவன் கண்ணிற் படவில்லை என்போம். மேனாட்டாரின் பழையதும் கருவாடும் அங்ஙனமே நம் கண்ணிற் படவில்லை.

இளமையில் யான் ஒரு நகரத்து விடுதியில் ‘ஐரிஷ் ஸ்டூ’ என்ற பெயரால் இடப்பட்ட ஒன்றை உண்டதுண்டு. மைதா கரைத்துக் கூழாக்கிய சாறு, அதன்மேல் மிதந்த டப்பாப் பட்டாணி, போதாக்குறைக்குக் கறித்தூள். ஐரிஷ் மக்கள் இரங்கத்தக்கவர் என்று எண்ணிக்கொண்டே வெளிவந்தேன். அயர்லாந்தின் குடிசைகளில் ஆக்கப்பட்ட உண்மையான ஸ்டூவுக்கு வேண்டுவன ஆட்டின் கழுத்திறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர் என்னும் நான்கே என்பதும், சுவைக்கு உப்பும் மிளகும் போதும் என்பதும் பன்னாள் கழிந்தே எனக்குத் தெரியவந்தன. கிழங்கில் ஒரு பாதியை மெல்லியதாய் அரிந்து அடியிற் பரப்பினால், அது கரைந்து சாற்றைத் தானே தடிப்பாக்கும். மறுபாதியைப் பெருந்துண்டுகளாக மேலே அடுக்குக. மாவுக்கு அங்கு வேலையே இல்லை. காரட் சேர்க்கலாமா ஆகாதா என்பதுபற்றி அந்நாட்டார் இன்றும் வழக்காடுவர். அவ்வழக்கில் யான் புகவில்லை.

இவ்வகை உணவுகளின் தோற்றம் கருதத்தக்கது. ஐரோப்பியக் குடியானவன் இளங்கன்றையும் ஆட்டுக்குட்டியையும் நாடோறும் கொன்று தின்னும் நிலையில் இருந்தவன் அல்லன். ஆடு கம்பளிக்கும் பாலுக்கும், எருது ஏருக்கும் வண்டிக்கும் உரியன. உழைத்து முதிர்ந்த பின்னரே அவை சட்டிக்கு வந்தன. நல்ல தசையை விலை கொடுக்க வல்லார் கொண்டுபோக, எஞ்சிய கழுத்தும் காலும் வாலும் ஏழைக்காயின. இப்பகுதிகளைக் கடுந்தீயில் வாட்டினால் செருப்புத்தோலை ஒக்கும். மெல்லிய தீயில் நீரோடு மூன்று மணி நேரம் கிடப்பினோ, தசைகளைப் பிணித்து நிற்கும் கொலாஜன் என்னும் பொருள் இளகி ஜெலட்டினாக மாறுகின்றது. சாறு உதட்டில் ஒட்டும் தன்மை பெறுவது அதனாலேயே. ஆட்டுக்கால் சூப்பினை அறிந்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. விலையுயர்ந்த இளந்தசையை இவ்வாறு ஆக்கினால் அது உலர்ந்து சக்கையாகுமேயன்றி இவ்வினிமையைத் தாராது. இதனை வேண்டுமென்றே வற்புறுத்துகின்றேன். மேனாட்டுணவு ஆக்கத் துணியும் நம்மவர் முதலிற் செய்யும் பிழை, கடைக்காரனிடம் ‘எலும்பில்லாத உயர்ந்த கறி கொடு’ என்று கேட்டு வாங்குவதே. பணமும் கெட்டது, உணவும் கெட்டது.

இவ்வுணவுகளுள் எனக்கு மிக விருப்பமானதும், பிறரால் மிகுதியாகக் கெடுக்கப்பட்டதும் ஹங்கேரி நாட்டுக் ‘குயாஷ்’ ஆகும். ஆங்கிலேயர் வாயில் இது குலாஷ் என வழங்கும். அந்நாட்டு மொழியில் ‘குயா’ என்பது மாட்டுமந்தை; ‘குயாஷ்’ என்பான் மந்தை மேய்ப்பவன். பெருஞ்சமவெளியில் மந்தையோடு திரிந்த ஆயர், ‘பொக்ராச்’ என்னும் கொப்பரையைத் தீயின்மேல் தொங்கவிட்டு, வெட்டவெளியில் ஆக்கி உண்டது இது. ஆயனின் பெயரே அவன் உணவுக்கும் ஆயிற்று. 1784-ஆம் ஆண்டில் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப், ஹங்கேரியின் ஆட்சிமொழியாக ஜெர்மன் மொழியைப் புகுத்தினார். அதனால் மனங்கிளர்ந்த ஹங்கேரியப் பெருமக்கள், தம்முடையது என்று சொல்லத்தக்கதனை மொழியிலும் உடையிலும் தேடியதோடு உணவிலும் தேடினர் என்றும், மேய்ப்பனின் கொப்பரை பிரபுக்களின் மேசைக்கு ஏறியது அக்காலத்திலேதான் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். மொழிப்பற்று அடுப்பங்கரையையும் விட்டுவைப்பதில்லை போலும்!

ஆக்கும் முறை எளிது. ஆயினும் ஓரிடத்திற் கண்ணிமைத்தலும் ஆகாது. பன்றிக்கொழுப்பை உருக்கி, பொடியாக அரிந்த வெங்காயத்தை அதில் மெல்ல வதக்குக. இறைச்சி 1 கிலோவுக்கு வெங்காயம் 400 கிராம் என்பது என் கணக்கு. அது கண்ணாடிபோல் ஆனதும் கலத்தை அடுப்பினின்று இறக்கிவிட்டு, பாப்ரிக்கா என்னும் காரமற்ற மிளகாய்த்தூளைத் தூவிக் கிளறுக. இறக்காமல் தூவினால் அத்தூளிலுள்ள சர்க்கரை நொடியிற் கரிந்து கைப்பேறும். பின் எத்துணை நேரம் கொதித்தாலும் அக்கைப்பு நீங்காது. உடனே இறைச்சியை இட்டு, அது விடும் நீரிலேயே முதற்கண் வேகவிடுக. பின்பு பூண்டும், சீரகத்தை ஒத்த காரவே விதையும் சேர்த்து, சிறிது சிறிதாய் நீர் வார்த்துவருக. இறைச்சி முக்காற்பதம் வெந்த பின்னரே உருளைக்கிழங்கும் காரட்டும் பார்ஸ்லிச் செடியின் வேரும் அதனுட் புகவேண்டும். இறுதியில், முட்டையும் மாவும் பிசைந்த உருண்டையினின்று விரல்நுனியாற் கிள்ளிக் கிள்ளி இடுவதும் உண்டு. அத்துணுக்குகட்குச் ‘சிபெட்கே’ என்று பெயர். கிள்ளுதலைக் குறிக்கும் சொல்லினின்றே அப்பெயர் பிறந்தது. குயாஷ் சாறு மிகுந்தது, கரண்டியால் உண்பதற்குரியது. நீர்சுண்ட ஆக்கினால் அது ‘பெர்கெல்ட்’ என்னும் வேறோர் உணவு. பிறநாட்டு விடுதிகள் குலாஷ் என்று விற்பது பெரும்பாலும் இப்பின்னதனையே. அதிலும் மாவைக் கரைத்து ஊற்றிவிடுகின்றனர்.

பாப்ரிக்காவைப்பற்றி ஒரு செய்தி கூறாமல் மேற்செல்ல மனமில்லை. அது மிகுதியாய் விளையும் செகெட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்பார் பேராசிரியராய் இருந்தார். ஓர் இரவு மனைவியார் உணவோடு இட்ட பாப்ரிக்காக் காயைத் தின்ன அவருக்கு மனமில்லை. அதனைத் தின்னாது தப்பும் வழியாக ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச்சென்றார். அங்கே சோதித்தபோது அக்காயில் வைட்டமின் சி நிறைந்திருக்கக் கண்டார். இதனை அவரே பிற்காலத்திற் கூறியிருக்கின்றார். 1937-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நெடுநேரம் கொதித்த குயாஷில் அச்சத்து அவ்வளவாக எஞ்சாது என்பதையும் நேர்மைபற்றிச் சொல்லிவிடுகின்றேன்.

ஈண்டு ஒரு தடை எழும். ‘மரபு மரபு என்கின்றீரே, மிளகாயும் உருளைக்கிழங்கும் ஐரோப்பிய மரபோ?’ எனின், அல்ல. இரண்டும் கொலம்பஸ் 1492-ஆம் ஆண்டிற் கடல் கடந்த பின்னர் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தவை. ஹங்கேரியர் மிளகாயைத் துருக்கியர் வாயிலாகப் பெற்றுத் ‘துருக்கி மிளகு’ என்றனர். நாம் அதனைப் போர்ச்சுகீசியர் வாயிலாகப் பெற்று, நம் மிளகின் பெயரையே அதற்கும் இட்டு வழங்கினோம். உருளைக்கிழங்கைப் பிரெஞ்சுக்காரர் நெடுங்காலம் ஐயுற்றிருந்தனர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யரிடம் சிறைப்பட்டு, அக்கிழங்கையே உண்டு கிடந்த பார்மாந்தியே என்னும் மருந்தாளர், நாடு திரும்பிய பின் அதன் நலத்தை எடுத்துரைத்துப் பரப்பினார். அயர்லாந்திலோ ஏழைகள் அதனை ஒன்றையே நம்பி வாழும் நிலைக்கு வந்துவிட்டனர். 1845-ஆம் ஆண்டில் அப்பயிரைப் பற்றிய நோய் கொடும்பஞ்சமாய் முடிந்து, ஏறக்குறைய 10 லட்சம் பேரைக் கொண்டுபோயிற்று. ஒரு காலத்தில் வந்தேறியாய் நின்ற பொருள் இவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்ட பின், இன்னின்ன பொருளே மரபு என்று பட்டியலைக் காட்டி வழக்காடுதல் வீண். தீயை ஆளும் முறையும், எதனை முன் இடுவது எதனைப் பின் இடுவது என்னும் வரிசையுமே மரபு என்பது என் துணிபு.

ஆகவே, நம் வீட்டில் ஆக்குவோர் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பது எளிதில் விளங்கும். பார்ஸ்லி வேர் கிடையாதாயின் நூற்கோல் இடுக. மாட்டிறைச்சி உண்ணாதார் ஆட்டிறைச்சி கொள்க. ஹங்கேரியரும் செம்மறியாட்டை இம்முறையிற் சமைப்பதுண்டு. பன்றிக்கொழுப்பு விலக்கெனின் எண்ணெய் போதும். காரங்குறைந்த காஷ்மீர் மிளகாய்த்தூள் பாப்ரிக்காவுக்கு ஒருவாறு ஈடாகும். ஆயின், வெங்காயத்தைக் கடுந்தீயிற் கருக்குவதும், கிழங்கையும் இறைச்சியையும் ஒருங்கே இட்டுக் குழைப்பதும், முடிவிற் கரம்மசாலா தூவிக் கறிவேப்பிலை தாளிப்பதும் ஆகா. அங்ஙனம் ஆக்கியது நல்ல குழம்பாகவே இருக்கலாம்; யானும் இரண்டு முறை வாங்கி உண்பேன். அதனைக் குயாஷ் என்று விருந்தினர்க்கு அறிமுகம் செய்யாதிருந்தாற் போதும்.

இனி, ‘மூன்று மணி நேரம் அடுப்பருகே நிற்பவர் யார்?’ என்று என் இல்லத்தார் கேட்பது என் காதில் விழுகின்றது. கேள்வி நியாயமானதே. பெண்டிர் நிற்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டு ஆடவர் எழுதும் சமையற் கட்டுரைகள் நாட்டில் மிகுதி. ஆயின் இவ்வுணவு யாரையும் நிறுத்திவைப்பதில்லை. பிரெஞ்சு இல்லங்களின் ‘பொத்தொஃபே’யைப் பாருங்கள். தீயின்மேற் பானை என்பது அச்சொல்லின் பொருள். கடினமான மாட்டிறைச்சியையும் மூளையுள்ள எலும்பையும் குளிர்ந்த நீரில் இட்டு அடுப்பேற்றி, எழும் நுரையை எடுத்து, தீயைத் தணித்துவிட்டால், பின்பு காரட்டும் டர்னிப்பும் வெங்காயமும் இடும்வரையில் அதற்கு ஆள் வேண்டா. அறையில் தனித்துறையும் மாணவன் ஒருவன் அதனை ஏற்றிவைத்து ஒரு பாடத்தை முற்றும் படித்துவிடலாம். முதலில் தெளிந்த சாற்றைக் குடிப்பர். பின்பு இறைச்சியையும் காய்களையும் கல்லுப்போடும் கடுகுத் துவையலோடும் உண்பர். மிஞ்சிய இறைச்சியை மறுநாட் கொத்தி, மசித்த உருளைக்கிழங்கால் மூடிச் சூட்டடுப்பில் வைத்தெடுக்கும் உணவுக்கு, மேற்கூறிய பார்மாந்தியேயின் பெயரையே இட்டிருக்கின்றனர். இவ்வாறு ஒரு பானை இரண்டு நாளுக்கு மூன்று உணவாகின்றது.

பிரஷர் குக்கரில் ஆக்கலாமா எனின், எரிபொருட் செலவு கருதுவாரை யான் தடுக்கேன். ஏறக்குறைய 120 டிகிரி வெப்பத்தில் அது மூன்று மணி நேரத்து வேலையை ஒரு மணிக்குள் முடித்துவிடும். காய்களை மட்டும் மூடியைத் திறந்த பின் இட்டு வேகவைத்தல் வேண்டும். சாற்றுக்கட்டியை நீரிற் கரைத்துக்கொள்ளலாம் என்பாருக்கு இச்சலுகை இல்லை. மாகி என்பார் சுவிட்சர்லாந்தில் அக்கட்டியை 1908-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது உப்பும் மணமும் தரும். எலும்பு தரும் பசையைத் தாராது. கட்டியிட்ட நீரைக் குடித்துவிட்டு மேனாட்டுச் சூப்பு இவ்வளவுதானா என்று கேட்பாரைக் காணும்போது, அவ்விடுதியில் யான் உண்ட ஸ்டூவே நினைவுக்கு வருகின்றது.

புலால் உண்ணாத அன்பர் இதுகாறும் பொறுமையோடு படித்திருப்பின், அவர்க்கும் ஒன்று உண்டு. இறைச்சி கிடையாத நாட்களில் ஹங்கேரியர் வெங்காயமும் பாப்ரிக்காவும் உருளைக்கிழங்கும் கொண்டே கொப்பரையை ஏற்றி, அதற்குப் ‘பொய்க் குயாஷ்’ என்று தாமே பெயரிட்டனர். சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் ஆக்கியது அதுவே. சட்டியில் மீதம் இருக்கவில்லை.